இளம் வீரர்களை வைத்து நாளைய பேஸ்பால் அணியைத் திட்டமிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலைத் தொடர்ந்து பார்ப்பவர்கள், தங்களுக்குப் பிடித்த அணியின் 2028 அல்லது 2029 ஆட்ட வரிசையைத் தாங்களே எழுதிப் பார்ப்பது வழக்கம். அப்படி எழுதும்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் பால்டிமோர் ஆரியோல்ஸ் அணியிலிருந்து வருகின்றன. இளம் வீரர்களை நம்பி அணி கட்டினால் என்னவெல்லாம் கிடைக்கும், எங்கெல்லாம் உதைக்கும் என்பது இரண்டையும் சில ஆண்டுகளுக்குள் காட்டிய அணி அது.

நல்ல இளம் வீரர்கள் ஒன்பது பேரை எழுதிவிட்டால் வரிசை தயார்தானே?

இல்லை. பெயர்ப் பட்டியலில் தேதி இருக்காது. திட்டத்தைக் கெடுப்பதே தேதிதான்.

கட்டம் போட்டு எழுதுங்கள். இடப்பக்கம் கேட்சர், பேஸ்களை ஒட்டிய நான்கு இன்ஃபீல்ட் இடங்கள், தூரத்தில் மூன்று அவுட்ஃபீல்ட் இடங்கள், டிஎச் (ஃபீல்டிங் செய்யாமல் அடிக்க மட்டும் இறங்குபவர்) என ஒன்பது வரி. அவற்றுக்குக் கீழே ஸ்டார்ட்டிங் பிட்சர்களுக்கு (ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர்களுக்கு) ஐந்து வரி. மேலே அடுத்த ஐந்து ஆண்டுகள். முதலில், இப்போது மேஜர் லீக்கில் ஆடுபவர்களை அவர்கள் ஃப்ரீ ஏஜென்ட் (விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற நிலை) ஆகும் ஆண்டு வரை நிரப்புங்கள். மேஜர் லீக்குக்குக் கீழே, மைனர் லீக்குகளில் வளரும் பையன்களுக்கு மிச்சக் கட்டங்கள்தான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த ஆண்டில் அவருக்கு என்ன வயது, எந்தக் கையால் அடிப்பார், உத்தேசச் சம்பளம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பால்டிமோருக்கு இப்படிப் போட்டால் உடனே ஒரு படிக்கட்டு தெரியும். புதிய ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் கேட்சர் அட்லி ரட்ச்மன் 2027 முடிவில் போகலாம், ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) கன்னர் ஹெண்டர்சன் 2028 முடிவில், ஜோர்டன் வெஸ்ட்பர்க் 2029 முடிவில், ஜாக்சன் ஹாலிடே 2030 முடிவில். நால்வரையும் ஒரே அணியாக நினைத்துப் பழகியிருப்போம். ஆனால் நால்வரும் சேர்ந்து ஆடும் காலம் 2027 வரைதான். பெயர்ப் பட்டியலில் இது கண்ணில் படவே படாது.

ஒரு வீரர் எத்தனை ஆண்டு அணியின் கையில் இருப்பார்?

மேஜர் லீக் பணிக்காலம் ஆறு முழு ஆண்டுகள் சேரும் வரை. பருவம் சுமார் 187 நாட்கள். அதில் 172 நாட்கள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் ஒரு முழு ஆண்டு சேர்ந்துவிடும். முதல் மூன்று ஆண்டுகளில் சம்பளம் குறைந்தபட்சத்தை ஒட்டியே இருக்கும் (2026-ல் அந்தக் குறைந்தபட்சம் 7,80,000 டாலர்). அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) மூலம் சம்பளம் ஆண்டுதோறும் ஏறும். மூன்று ஆண்டு நிறையாதவர்களிலும் பணிக்காலம் அதிகமுள்ள ஒரு பகுதியினருக்கு ஓராண்டு முன்னதாகவே ஆர்பிட்ரேஷன் கிடைக்கும். அவர்களை ‘சூப்பர் டூ’ என்பார்கள்.

172 என்ற அந்த எண்ணில்தான் சூட்சுமம். பருவத் தொடக்கத்தில் இரண்டு வாரம் போல ஒருவரை மைனர் லீக்கில் நிறுத்திவைத்தால் அந்த ஆண்டு முழு ஆண்டாகக் கணக்கில் ஏறாது; அணிக்கு ஏழாவது பருவம் கிடைக்கும். 2015-ல் சிகாகோ கப்ஸ் அணியின் கிறிஸ் பிரையன்ட் ஏப்ரல் 17 அன்று களம் இறங்கினார். பருவ முடிவில் அவர் கணக்கில் 171 நாட்கள்! ஒரே ஒரு நாள் குறைவு. அவர் தொடுத்த முறையீடு 2020-ல் தள்ளுபடியானது. டொராண்டோ ப்ளூ ஜேஸின் விளாடிமிர் குரேரோ ஜூனியர் 2019 ஏப்ரல் 26 அன்று அறிமுகமானதால், ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் ஆண்டு 2024-லிருந்து 2025-க்குத் தள்ளிப்போனது. அந்தத் தேதி வருவதற்கு முன்பே, 2025 ஏப்ரலில், 14 ஆண்டு, 50 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அணி அவரைப் பிடித்துவைத்துக்கொண்டது.

இந்தத் தந்திரம் இப்போதும் செல்லுமா?

முன்புபோல் இல்லை. 2022-ல் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே வந்த தொழிலாளர் ஒப்பந்தம் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. ரூக்கி ஆஃப் தி இயர் (சிறந்த புதுமுக வீரர்) வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு, எப்போது வந்திருந்தாலும், முழு ஆண்டு பணிக்காலம் உண்டு. ரட்ச்மன் 2022 மே 21 அன்றுதான் வந்தார். இரண்டாம் இடம் பிடித்ததால் முழு ஆண்டும் கணக்கில் ஏறியது. பால்டிமோர் காத்திருந்தும் கூடுதல் ஆண்டு கிடைக்கவில்லை.

இரண்டாவது மாற்றம் பரிசு. இளம் வீரர்களுக்கான முன்னணித் தரவரிசைகள் மூன்றில் இரண்டிலாவது முதல் 100-க்குள் இருக்கும் ஒருவரைத் தொடக்கத்திலிருந்தே ஆடவைத்து, அவர் ரூக்கி விருதை வென்றால் அணிக்கு டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) கூடுதலாக ஒரு வாய்ப்பு. ஆர்பிட்ரேஷனுக்கு முன் எம்விபி (மிகச் சிறந்த வீரர்) அல்லது சை யங் (சிறந்த பிட்சர்) வாக்கெடுப்பில் முதல் மூன்றுக்குள் வந்தாலும் அதே பரிசு. ஹெண்டர்சன் விஷயத்தில் பால்டிமோர் இதைக் கச்சிதமாகச் செய்தது. 2022 ஆகஸ்ட் 31 அன்று அழைத்தார்கள். ரூக்கி தகுதியைப் பறிக்கும் 45 நாள், 130 அட்-பேட் (அடிக்க இறங்கும் முறை) என்ற இரண்டு வரம்புகளையும் தாண்டவிடவில்லை. 2023 முழுக்க ஆடி ரூக்கி விருதை வென்றார். டிராஃப்ட் வாய்ப்பும் வந்தது. உங்கள் கட்டத்தில் ஒரு பெயரை எந்த மாதத்தில் எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மைனர் லீக் எண்களை எப்படிப் படிப்பது?

வயதை முதலில் பாருங்கள், சராசரியை அப்புறம். டபுள்-ஏ மட்டத்தில் (மைனர் லீக்கில் மேலிருந்து இரண்டாவது படி; அதற்கு மேலே ட்ரிபிள்-ஏ, கீழே ஹை-ஏ) 20 வயதுப் பையன் சுமாராக ஆடுவது, 25 வயதுக்காரர் வெளுத்து வாங்குவதைவிடப் பெரிய செய்தி. ஹை-ஏ-யிலிருந்து டபுள்-ஏ-க்குப் போகும் படிதான் மைனர் லீக்கில் செங்குத்தானது. வேகப்பந்தை மட்டும் நம்பி அடித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கேதான் அகப்படுவார்கள்.

ஹோம் ரன்களைவிட ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) விகிதமும் வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ் போவது) விகிதமும் சீக்கிரம் உண்மை பேசும். டபுள்-ஏ-யில் நூற்றுக்கு 30-க்கு மேல் ஸ்ட்ரைக்-அவுட் ஆகிறவரை, எத்தனை ஹோம் ரன் அடித்திருந்தாலும், கட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். ட்ரிபிள்-ஏ-யின் மேற்குப் பகுதி லீக்கில் உயரமான, வறண்ட மைதானங்கள் பல உண்டு. அங்கே அடிக்கும் ரன்களில் கொஞ்சத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் மேஜர் லீக்கில் முதல் சில வாரங்களை வைத்து யாரையும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஹாலிடே 2024 ஏப்ரல் 10 அன்று வந்தார். பத்து ஆட்டம், 34 அட்-பேட், இரண்டே ஹிட், 18 ஸ்ட்ரைக்-அவுட். திருப்பி அனுப்பினார்கள். ஜூலை இறுதியில் மறுபடி வந்தார், 2025-ல் அணியின் இரண்டாம் பேஸ் அவருடையதானது. 34 அட்-பேட் என்பது ஒன்றுமே இல்லை.

எத்தனை பேர் தேறுவார்கள் என்று கணக்கு வைக்கலாம்?

ஆசைப்படுவதில் பாதி என்று வையுங்கள், அதுவே தாராளம். ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ரசிகர்கள் 50-ஐப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நாள்தோறும் ஆடும் சராசரி ஆட்டக்காரரைச் சொந்தமாக வளர்த்தெடுப்பது உண்மையில் பெரிய வெற்றி.

டிராஃப்டின் முதல் இடமும் உத்தரவாதம் இல்லை. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2012, 2013, 2014 என மூன்று ஆண்டு தொடர்ந்து முதலில் தேர்ந்தெடுத்தது. 2012-ன் கார்லோஸ் கொரியா நட்சத்திரமானார். 2013-ன் மார்க் அப்பெல் ஹூஸ்டனுக்கு ஒரு மேஜர் லீக் பந்துகூட வீசவில்லை. 2014-ன் பிரேடி எய்கன் ஒப்பந்தமே போடவில்லை. அந்த இழப்புக்கு ஈடாக 2015-ல் கிடைத்த இரண்டாம் இடத்தில் வந்தவர் அலெக்ஸ் பிரெக்மன். வெனிசுவேலாவில் 15,000 டாலருக்குப் பிடித்த ஹோசே அல்டூவேதான் அத்தனைபேரிலும் நீண்ட காலம் அங்கே நின்றவர்.

ஆகவே ஒரு கட்டத்துக்கு இரண்டு பெயர் எழுதுங்கள். இரண்டாவது பெயர் வேறு வயதில், வேறு மட்டத்தில் இருக்கட்டும். ஒரே டிராஃப்டில் வந்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் தடுமாறினால் இருவரும் போய்விடுவார்கள்.

எங்கள் அணியில் நான்கு ஷார்ட்ஸ்டாப் இருக்கிறார்கள். இது பிரச்சினையா?

இருக்கக்கூடிய பிரச்சினைகளிலேயே நல்ல பிரச்சினை. ஷார்ட்ஸ்டாப் ஆடத் தெரிந்தவர் இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், சில சமயம் சென்டர் ஃபீல்டுக்கும் போகலாம். எதிர்த்திசையில் போவது அரிது. கையும் காலும் வேகம் குறையக் குறைய வீரர்கள் மூன்றாம் பேஸுக்கு, அங்கிருந்து முதல் பேஸுக்கு, கடைசியில் டிஎச்-க்கு நகர்வார்கள். குரேரோ 2019-ல் மூன்றாம் பேஸில் தொடங்கி 2020-லேயே முதல் பேஸுக்கு வந்துவிட்டார். மூக்கி பெட்ஸ் பாஸ்டனில் இரண்டாம் பேஸ்காரராக வளர்ந்தவர். அங்கே டஸ்டின் பெட்ரோயா இருந்ததால் 2014-ல் அவுட்ஃபீல்டுக்கு மாற்றினார்கள்.

முதல் பேஸும் டிஎச்-சும் மட்டுமே ஆடக்கூடிய மூன்று பேர் சேர்ந்துவிட்டால் அதுதான் நெரிசல். பால்டிமோரில் கோபி மேயோ மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு நகர்ந்தார். கேட்சர் சாமுவேல் பஸாயோவுக்கும் ரட்ச்மன் இருக்கும்வரை முதல் பேஸும் டிஎச்-சும்தான் மாற்று இடம். இந்த நிலையில் 2025 டிசம்பரில் முதல் பேஸ்காரர் பீட் அலோன்சோவை 5 ஆண்டு, 15.5 கோடி டாலருக்கு எடுத்தார்கள். கட்டத்தில் ஒரே ஒரு பெயரை எழுதிய மாத்திரத்தில் மேயோ, பஸாயோ இருவரின் இடமும் ஆட்டம் கண்டது.

40 பேர் பட்டியல், ரூல் 5 — இதெல்லாம் ரசிகர்களுக்கு எதற்கு?

நவம்பரில் உங்களுக்குப் பிடித்த பையன் திடீரென்று காணாமல் போவது இதனால்தான். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவத்துக்குள்ளும், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு பருவத்துக்குள்ளும் அணியின் 40 பேர் பட்டியலில் (மேஜர் லீக்குக்கு அழைக்கக்கூடியவர்களின் பட்டியல்) சேர்த்துவிட வேண்டும். அதாவது 2021-ல் பள்ளியிலிருந்து வந்தவருக்கும் 2022-ல் கல்லூரியிலிருந்து வந்தவருக்கும் கெடு ஒரே நாளில், 2025 நவம்பரில் வந்தது. சேர்க்காவிட்டால் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 தேர்வில் வேறு எந்த அணியும் 1,00,000 டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த பருவம் முழுவதும் மேஜர் லீக் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும். ராபர்ட்டோ கிளெமென்டேயை 1954-ல் புரூக்ளினிடமிருந்து பிட்ஸ்பர்க் இந்த வழியில்தான் எடுத்தது.

இடம் இல்லாத அணி, கெடுவுக்கு முன் யாரையாவது விற்றாக வேண்டும். 2019 நவம்பரில் டாம்பா பே ரேஸ் ஓர் இடக்கை பிட்சரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, பட்டியலில் சேர்க்க அவசரமில்லாத ஆஸ்திரேலிய இளைஞர் கர்ட்டிஸ் மீடை வாங்கியது. அன்றைக்கு அது சின்னப் பரிமாற்றம். போனவர் பெயர் கிறிஸ்டோபர் சான்செஸ். 2025-ல் நேஷனல் லீக் சை யங் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தார்.

பட்டியலில் சேர்த்ததும் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்கும். அதன்பின் ஒரு பருவத்தில் 20 நாளாவது மைனர் லீக்கில் வைத்திருந்தால் ஓர் ஆப்ஷன் (கீழே அனுப்பும் உரிமை) போகும். மொத்தம் மூன்றுதான். 20 வயதில் சேர்த்த பையனுக்கு 23 வயதில் ஆப்ஷன் தீர்ந்துவிடும். பிறகு அவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் வேவர்ஸ் என்ற விடுவிப்பு முறையில் மற்ற அணிகள் தட்டிக்கொண்டு போகும் அபாயம். உங்கள் கட்டத்தில் ‘ஆப்ஷன் இல்லை’ என்று சிவப்பில் குறிக்க வேண்டியவர்கள் இவர்கள்.

இளம் வீரரை மலிவாக நீண்ட ஒப்பந்தத்தில் மடக்கிவிடலாமே?

பிடிபட்டால் அள்ளு, பிடிபடாவிட்டால் சின்ன நஷ்டம் என்பதால் அணிகளுக்கு ஆசை அதிகம். மில்வாக்கி 2023 டிசம்பரில், ஒரு மேஜர் லீக் ஆட்டமும் ஆடாத ஜாக்சன் சூரியோவுக்கு 8 ஆண்டு, 8.2 கோடி டாலர் கொடுத்தது. பால்டிமோர் 2025 ஆகஸ்டில், அறிமுகமான சில நாளிலேயே பஸாயோவுக்கு 8 ஆண்டு, 6.7 கோடி. ஹூஸ்டன் 2014-ல் ஜான் சிங்கிள்டனுக்கு 5 ஆண்டு, 1 கோடி கொடுத்தது. அவர் நிலைக்கவில்லை, பணம் போனது, ஆனால் அணி முழுகவில்லை.

ஆபத்து ஒரே மாதிரி ஆட்டக்காரர்கள் பலரை ஒரே சமயத்தில் மடக்கும்போதுதான். சிகாகோ வொயிட் சாக்ஸ் எலோய் ஹிமெனஸுக்கு 4.3 கோடி, லூயிஸ் ராபர்ட்டுக்கு 5 கோடி, யோவான் மொன்காடாவுக்கு 7 கோடி என்று ஒப்பந்தம் போட்டு, 2021-ல் 93 வெற்றியுடன் தங்கள் பிரிவை வென்றது. மூவரையும் காயங்கள் விடவில்லை. பின்னால் வளர்ந்து வருபவர்களும் இல்லை. 2024-ல் அந்த அணி தோற்றது 121 ஆட்டம்.

புதிய பையனை வரிசையில் எங்கே ஆடவைப்பது?

ஏழாவது, எட்டாவது இடத்தில் தொடங்குவது வழக்கம், அதில் தப்பில்லை. வரிசையில் ஓர் இடம் கீழே போனால் பருவத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 பேட்டிங் வாய்ப்பு குறையும். ஆகவே திட்டத்தின் நான்காவது ஆண்டில் யார் மேலே வருகிறார் என்பதுதான் பெரிய கேள்வி. அதிகம் பேஸ் ஏறுபவரை முதல் இரண்டு இடங்களில் போடுங்கள், வேகமாக ஓடுபவர் என்பதற்காக மட்டும் போடாதீர்கள்.

கையையும் கவனியுங்கள். ஹெண்டர்சன், ஹாலிடே, கோல்டன் கவ்சர், ஹெஸ்டன் கெர்ஸ்டாட், பஸாயோ ஐவரும் இடக்கை. தனித்தனியாக ஒவ்வொருவரும் நல்ல தேர்வு. சேர்த்து அடுக்கினால், ஏழாவது இன்னிங்ஸில் எதிரணி இடக்கை பேட்டர்களுக்குக் கடினமான ஒரே ஓர் இடக்கை ரிலீவரை (இடையில் வரும் பிட்சரை) இறக்கி வரிசையையே அடக்கிவிடலாம்.

பிட்சர்களையும் இப்படித் திட்டமிடலாமா?

ஐந்தாண்டுக்கு முடியாது. இரண்டு ஆண்டுக்கு மேல் எழுதினால் அது கற்பனை. பால்டிமோர் அணி நிர்வாகி மைக் இலையஸ் தலைமையில் டிராஃப்டின் உச்சியில் பேட்டர்களையே எடுத்து வந்தது: 2019-ல் ரட்ச்மன், 2020-ல் கெர்ஸ்டாட், 2021-ல் கவ்சர், 2022-ல் ஹாலிடே. பேட்டர்கள் காயத்தில் குறைவாகவே வீணாவார்கள், தேவைப்பட்டால் உபரியை விற்றுப் பிட்சர் வாங்கலாம் என்பது தர்க்கம். தர்க்கம் சரிதான். ஆனால் 2024-ல் கைல் பிராடிஷ், ஜான் மீன்ஸ், டைலர் வெல்ஸ் மூவரும் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனபோது பின்வரிசையில் ஆளில்லை. ஐந்து இடத்துக்கு எட்டுப் பெயராவது வேண்டும்.

இளம் வீரர்களை எப்போது விற்கலாம்?

கட்டத்தில் ஒருவருக்கு மூன்று ஆண்டுக்கு இடம் தெரியவில்லை என்றால் உடனே. ட்ரிபிள்-ஏ-யில் 26 வயதுவரை உட்காரவைத்தால் மதிப்பு கரையும். 2024 பிப்ரவரியில் பால்டிமோர், ஹெண்டர்சனும் ஹாலிடேயும் இருப்பதால் இடமில்லாத ஜோயி ஓர்டிஸை, டி.எல். ஹாலுடனும் ஒரு டிராஃப்ட் வாய்ப்புடனும் கொடுத்து கார்பின் பர்ன்ஸை வாங்கியது. அந்த ஆண்டு 91 வெற்றி. ஆனால் பர்ன்ஸ் ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மிச்சம். பருவம் முடிந்ததும் 21 கோடி டாலருக்கு அரிசோனா போய்விட்டார். 2025-ல் அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை, அணி 75 வெற்றி, 87 தோல்வி என்று பிரிவின் கடைசியில் முடித்தது. வாங்கியதில் பிழை இல்லை. அடுத்த ஆண்டுக் கட்டம் வெறுமையாக இருப்பது வாங்கிய அன்றே தெரிந்த விஷயம்.

பரிமாற்றத்தை அவசரப்பட்டு எடைபோடவும் வேண்டாம். 2024 ஜூலையில் கைல் ஸ்டவர்ஸ், கானர் நோர்பி இருவரையும் மயாமிக்குக் கொடுத்து ட்ரெவர் ராஜர்ஸை வாங்கினார்கள். வந்தவரை அடுத்த மாதமே ட்ரிபிள்-ஏ-க்கு அனுப்ப வேண்டியிருந்தது, எல்லோரும் சிரித்தார்கள். 2025-ல் ஸ்டவர்ஸ் ஆல்-ஸ்டார் ஆனார். ராஜர்ஸ் 18 ஆட்டங்களில் 1.81 இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் சராசரி ரன்; குறைந்தால் நல்லது).

வேண்டுமென்றே தோற்று டிராஃப்டில் முன்னிடம் பிடிப்பது இன்னும் பலிக்குமா?

குறைந்துவிட்டது. 2023-லிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். தொடர்ந்து குலுக்கலில் இடம் பெறவும் வரம்பு உண்டு. 121 தோல்வி கண்ட வொயிட் சாக்ஸ் இந்த விதியால் 2025-ல் பத்தாம் இடத்தில்தான் தேர்ந்தெடுத்தது.

கட்டத்தை எப்போதெல்லாம் திருத்த வேண்டும்?

ஆண்டுக்கு மூன்று முறை: ஜூலை இறுதியில் பரிமாற்றக் கெடு முடிந்ததும், நவம்பரில் 40 பேர் பட்டியல் கெடு முடிந்ததும், மார்ச்சில் பயிற்சி முகாம் கலையும்போதும். இடையில் ஒரு வாரச் சூட்டையோ சரிவையோ பார்த்து அழித்தெழுத வேண்டாம். இங்கே சொன்ன பணிக்காலம், ஆர்பிட்ரேஷன், பரிசு விதிகள் எல்லாம் தற்போதைய தொழிலாளர் ஒப்பந்தத்தைச் சேர்ந்தவை. அது 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. எனவே 2027-க்குப் பிந்தைய நெடுவரிசைகளில் சம்பளத்தையும் ஃப்ரீ ஏஜென்ட் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள்.